வாக்குறுதியின் வட்டி விகிதம்

முதன்முறையாகக் கடன் கேட்டு வருபவர், "எவ்வளவு தொகை கிடைக்கும்?" என்றே பெரும்பாலும் கேட்பார். ஒருமுறை கடன் வாங்கி அடைத்தவரோ, "வட்டி எவ்வளவு? தவணை எத்தனை ஆண்டு?" என்று தொடங்குவார். பருவநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு மாநாடுகளில் முதல் கேள்வியே பல ஆண்டுகளாக உரக்க ஒலித்து வருகிறது. இரண்டாவது கேள்விக்கும் அதே இடம் தரப்பட வேண்டும் என்பது நம் கருத்து.

2009-ஆம் ஆண்டு கோபன்ஹேகன் மாநாட்டில், 2020-க்குள் ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக வளர்ந்த நாடுகள் வாக்களித்தன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் கணக்குப்படி, அந்த இலக்கு 2022-இல்தான் எட்டப்பட்டது. அவ்வாண்டு அரசுகளும் பன்னாட்டு வளர்ச்சி வங்கிகளும் வழங்கிய பொது நிதியில் பத்தில் ஏறக்குறைய ஏழு பங்கு கடனாகும். வட்டியோடு திருப்பிச் செலுத்த வேண்டிய தொகையும் மானியமும் ஒரே கூட்டுத்தொகையில் சேர்ந்தன. 2024 நவம்பரில் பாகு நகரில் கூடிய மாநாடு, 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று இலக்கை உயர்த்தியது. அது போதாது என்று இந்தியா அந்த அவையிலேயே எதிர்ப்பைப் பதிவு செய்தது.

தொகை போதாது என்பது உண்மையே. ஆனால் தொகையைப் போலவே வட்டியும் முக்கியமானது. அனல் மின் நிலையம் தன் வாழ்நாள் முழுவதும் நிலக்கரி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சூரிய மின் நிலையத்துக்கு எரிபொருள் செலவில்லை. அதன் செலவில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே முதலீடாகி விடுகிறது. ஆகவே அந்த முதலீட்டின் வட்டியே அதன் மின்சாரத்தின் விலையைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு கோடி ரூபாயை இருபது ஆண்டுகளில் சமமான ஆண்டுத் தவணைகளில் அடைப்பதாகக் கொள்வோம். 4 சதவீத வட்டியில் தவணை சுமார் 7.36 லட்சம் ரூபாய். 10 சதவீதத்தில் சுமார் 11.75 லட்சம் ரூபாய். தகடும் அதுவே, வெயிலும் அதுவே. தவணை மட்டும் ஏறத்தாழ அறுபது சதவீதம் கூடிவிடுகிறது. அந்தச் சுமை கடைசியில் மின் கட்டணத்தில் வந்து இறங்குகிறது.

குறைந்த வட்டிக்கு டாலரில் கடன் வாங்கலாமே என்று தோன்றலாம். மின்சாரம் விற்று வருவது ரூபாய். கடனுக்குச் செலுத்த வேண்டியதோ டாலர். 2009 இறுதியில் ஏறத்தாழ 47 ரூபாயாக இருந்த ஒரு டாலர், 2024 இறுதியில் 85 ரூபாயைத் தாண்டியிருந்தது. வட்டியில் மிச்சமாவது செலாவணி மாற்றத்தில் கரைந்துபோகக்கூடும்.

கடன் கொடுப்பவரின் எச்சரிக்கையை நாம் குறை கூறவில்லை. பிறருடைய சேமிப்பைக் காக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இடரை எடைபோட்டே ஆக வேண்டும். மின்சாரத்தை வாங்கும் பகிர்மானக் கழகம் உரிய நாளில் பணம் தருமா என்ற ஐயம் எழுந்தால் வட்டி உயரத்தான் செய்யும். அந்த ஐயத்தைக் குறைப்பதற்கே பன்னாட்டு ஒத்துழைப்பு முதன்மையாகப் பயன்பட வேண்டும்.

அதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் அமைந்த 750 மெகாவாட் சூரிய மின் பூங்காவின் பொதுக் கட்டமைப்புக்கு உலக வங்கி கடன் அளித்தது. அக்குழுமத்தின் பன்னாட்டு நிதிக் கழகம் ஏலத்தை வடிவமைக்க உதவியது. மின்சாரம் வாங்குபவர் பணம் தரத் தாமதித்தால் ஈடுசெய்யத் தனி ஏற்பாடும், அதற்கும் மேலாக மாநில அரசின் உத்தரவாதமும் இருந்தன. 2016 தொடக்கத்தில் ராஜஸ்தானில் யூனிட்டுக்கு 4 ரூபாய் 34 காசு என்பதே மிகக் குறைந்த விலையாகப் பேசப்பட்டது. 2017 பிப்ரவரியில் ரேவா ஏலத்தில் முதலாண்டு விலை 2 ரூபாய் 97 காசாக இறங்கியது. தகடுகளின் விலைச் சரிவும் இதற்குக் காரணம்தான். எனினும் பணம் தவறாமல் வரும் என்ற நம்பிக்கையின் பங்கு சிறிதன்று. அங்கு விளையும் மின்சாரத்தில் ஒரு பகுதி இன்று டெல்லி மெட்ரோவை இயக்குகிறது.

எனவே இனிவரும் மாநாடுகளில் மானியத்தையும் கடனையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். செலாவணி இடரில் கடன் தரும் நாடுகளும் பங்கேற்க வேண்டும். நம் பகிர்மானக் கழகங்களும் நிலுவையின்றிப் பணம் செலுத்தும் ஒழுங்கைக் கைக்கொள்ள வேண்டும். இதை வெளிநாட்டார் நமக்காகச் செய்ய இயலாது.

பசுமை வைப்புத்தொகை பெறும் வங்கி, அப்பணம் எங்கே பயன்பட்டது என்பதை வெளியாரைக் கொண்டு சரிபார்த்து, தன் ஆண்டுக் கணக்கில் வெளியிட வேண்டும் என்பது 2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் விதி. தனியொரு வைப்புதாரருக்கு நாம் காட்டக் கடமைப்பட்ட கணக்கை, வாக்களித்த நாடுகள் உலகத்துக்குக் காட்டினால் என்ன?