பதவியும் இருதயமும்

பெரும் பதவி வகிப்போரையே இருதய நோய் நாடி வரும் என்பது உலகோரின் நெடுநாளைய நம்பிக்கை. பொறுப்பு மிகுந்தவனுக்குக் கவலையும் மிகும், கவலை மிகுந்தவன் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வான் என்று எண்ணினர். அதிகாரி இறந்தால் அது செய்தியாகின்றது. கந்தோர் வாயிலில் நிற்கும் சேவகன் இறந்தால் கணக்கு வைப்பார் யார்?

இலண்டனில் வைத்தார்கள். 1967ஆம் ஆண்டில் டொனால்ட் றீட், ஜெப்றி றோஸ் என்னும் வைத்திய ஆராய்ச்சியாளர், வைற்ஹோல் அரசாங்கக் கந்தோர்களில் பணிபுரிந்த ஏறக்குறைய 18,000 ஆடவரைப் பரிசோதிக்கத் தொடங்கினர். நாற்பது வயதைத் தாண்டிய அவர்களுள் வேலையற்றவர் ஒருவருமில்லர், பட்டினி கிடந்தவருமில்லர். 1948ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய சுகாதார சேவை உயர்ந்தோர்க்கும் தாழ்ந்தோர்க்கும் பொதுவாகவே இருந்தது.

ஆண்டுகள் சில கழிந்தன. மைக்கேல் மார்மட் என்பவர் இறந்தோரை எண்ணிப் பார்த்தபோது, பழைய நம்பிக்கை தலைகீழாயிற்று. கடைநிலைச் சேவகரிடையே இருதய நோயால் நேர்ந்த மரணவிகிதம், உச்சியிலிருந்த நிருவாக அதிகாரிகளுடையதிலும் மூன்று மடங்குக்கு மேற்பட்டது. வறியவன் முந்தி இறப்பது புதுமையன்று என வாசகர் கூறலாம். புதுமை இடையிலேதான் இருக்கின்றது. நல்ல சம்பளமும் நாற்காலியும் உடைய இரண்டாம் படியினர் கூட முதற்படியினரிலும் கூடுதலாக இறந்தனர். எழுதுவினைஞர் அவர்களிலும் கூடுதலாக இறந்தனர். படிதோறும் ஆயுள் குறைந்தது.

சேவகர் கூடுதலாகப் புகைபிடித்தனர் என்பது மெய்யே. ஆயினும் புகையாதோரை மாத்திரம் தனியே ஒப்பிட்டபோதும் அவ்வேற்றுமை மறையவில்லை. புகை, இரத்த அமுக்கம், கொலஸ்திரோல் யாவற்றையும் கூட்டிப் பார்த்தும், வேற்றுமையிற் பாதிக்குக்கூட விளக்கம் கிடைக்கவில்லை. பரீட்சைத் தாளில் ஒரே காரணத்தை எழுதிவிட்டு முழுப் புள்ளியும் எதிர்பார்க்கும் என் மாணவருக்கு இதனை அடிக்கடி நினைவூட்டுவதுண்டு. கீழ்ப்படியினர் சராசரியில் உயரமும் குறைந்தவர்கள். உயரம் என்பது பெரும்பாலும் இளமையில் உண்ட உணவின் சாட்சி. ஆகவே நோயின் வேரொன்று, கந்தோருக்குள் நுழையுமுன்னரே ஊன்றியிருத்தல் கூடும்.

1985ஆம் ஆண்டில் தொடங்கிய இரண்டாவது ஆராய்ச்சியிற் பெண்களும் சேர்க்கப்பட்டனர். எதனை எப்பொழுது எவ்வாறு செய்வது எனத் தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் உரிமை குறைந்தோரிடையே இருதய நோய் மிகுந்திருந்ததென அது காட்டிற்று. ஏவற்குக் காத்திருக்கும் மனிதனின் உடல் அக்காத்திருப்பையும் எங்கோ பதிந்து வைக்கின்றது போலும்!

முதல் ஆராய்ச்சியிற் பங்குபற்றி உயிரோடிருந்த முதியவர்களிடம், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின் பின்னர் மீண்டும் உடல்நலம் வினவினர். அவர்கள் ஓய்வுபெற்று வெகுகாலமாகியிருந்தது. பழைய படிகளை மறந்துவிட்டிருக்கவும் கூடும். எனினும் ஒருகாலத்திற் கீழ்ப்படியில் நின்றோரே அப்பொழுதும் நலங்குன்றியிருந்தனர்.