மேலே பளபள, கீழே பால் காப்பி

1950களில் வந்த ஜான்சன், எவின்ரூட் படகு மோட்டார்களுக்கு அமெரிக்காவில் இன்றும் ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. மேல்மூடியைத் தேய்த்து, அந்தக் காலத்து நிறத்திலேயே பெயிண்ட் அடித்து, புது ஸ்டிக்கர் ஒட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதே மோட்டாரின் அடியில் இருக்கும் கியர்கேஸின் ஸ்க்ரூவைக் கழற்றினால் பல சமயம் எண்ணெய் வருவதில்லை. பால் ஊற்றிய காப்பி மாதிரி ஒன்று வருகிறது. உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த மோட்டாரில் எஞ்சின் மேலே, கியர்கேஸ் தண்ணீருக்குள்ளே. மேலிருந்து இறங்கும் ஷாஃப்டின் சுழற்சியைத் திருப்பி புரொப்பெல்லருக்குக் கொடுப்பது அதற்குள் இருக்கும் கியர்கள். உள்ளே ஆயில், வெளியே ஏரி. ஷாஃப்ட் சுற்றும் இடங்களில் இரண்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய ரப்பர் உதடு கொண்ட ஆயில் சீல் மட்டுமே. ஐம்பது அறுபது வருஷத்து ரப்பர் கல்லாகிப் போயிருக்கும். அதை மாற்றச் சொன்னால்தான் சமாளிப்புகள் கிளம்புகின்றன.

சமாளிப்பு ஒன்று: "பழசு ஒழுகத்தான் செய்யும், வருஷா வருஷம் ஆயில் மாத்தினா போதும்." போதாது. தண்ணீர் கலந்த ஆயில் கியர் பற்களுக்கு நடுவே படலமாக நிற்காது. பேரிங்கில் துரு குழி விழும். மின்னசோட்டா, விஸ்கான்சின் பக்கத்துக் குளிரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீர் அடியில் தங்கி உறையும். உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும். அலுமினியக் கூடு விரிசல் விட அது போதும். இரண்டு மோட்டார்களையும் செய்த அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் 2000 டிசம்பரில் திவாலானது. பெயர் கைமாறி, 2020-ல் எவின்ரூட் தயாரிப்பே நின்றுவிட்டது. சீல் செட் இன்றும் கிடைக்கிறது. அந்தக் காலத்துக் கூட்டைப் புதிதாக வார்த்துத் தர யார் இருக்கிறார்கள்?

சமாளிப்பு இரண்டு: "புரொப்பெல்லர் பக்கத்து சீலை மாத்தியாச்சு." அங்கே தூண்டில் நரம்பு சுற்றி சீலை அறுப்பது உண்மைதான். ஆனால் தண்ணீருக்கு வாசல் ஒன்றா? வாட்டர் பம்புக்குக் கீழே டிரைவ் ஷாஃப்ட் சீல், கியர் மாற்றும் கம்பியின் ஓ-ரிங், ஆயில் ஸ்க்ரூக்களின் வாஷர் என்று வரிசையாக இருக்கின்றன. ஷாஃப்டிலேயே பழைய சீல் தேய்த்த பள்ளம் இருந்தால் புது சீலும் ஒழுகும்.

சமாளிப்பு மூன்று: சிலிக்கான் பசை. சுற்றுகிற ஷாஃப்டைப் பசை எப்படி அடைக்கும்? அது வீட்டுக் குழாய்க்குச் சரி.

பயப்படுகிறவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய போல்ட் அலுமினியத்தோடு ஒட்டியிருக்கும், முறுக்கினால் ஒடியும். சில மாடல்களில் பக்கவாட்டில் உள்ள ஒரு ஸ்க்ரூ ஆயில் ஸ்க்ரூ மாதிரியே தெரியும். அதைக் கழற்றினால் உள்ளே கியர் மாற்றும் இணைப்பு நழுவிவிடும். அதனால்தான் பிரிப்பதற்கு முன் சோதனை வேண்டும். ஆயிலை வடித்துவிட்டு, கைப்பம்பால் கையேடு சொல்லும் அளவுக்குக் காற்று ஏற்றி, ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சோப்பு நுரையில் குமிழி வரும் இடம் ஒழுகும் இடம். பிறகு காற்றை உறிஞ்சியும் பார்க்க வேண்டும். ஒரு பக்க அழுத்தத்தில் இறுகி நிற்கும் உதடு மறுபக்க அழுத்தத்தில் விட்டுவிடலாம். இரண்டிலும் முள் நின்றால் பிரிக்கவே வேண்டாம். இறங்கினால் பிரித்து எல்லா சீலையும் மாற்றி, மூடியபின் மறுபடி இதே சோதனை. கடைசிச் சோதனையைச் செய்யாதவர் ரிப்பேர் செய்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ரப்பரை மாற்றினார், அவ்வளவுதான்.

ஒழுகல் ஒருவழிப் பாதையும் இல்லை. தண்ணீர் உள்ளே போகும் வழியில் ஆயில் வெளியே வரும். ஏரி மேல் வானவில் நிறத்தில் மிதக்கும் அந்தப் படலம் பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறவர்கள் விட்டுப்போனது.

பெயிண்டுக்குச் செலவழித்த நாட்களில் ஒரு நாளைக் கியர்கேஸுக்குக் கொடுத்திருக்கலாம். ஏரி நடுவே கியர் இறுகி நின்றால் துடுப்புதான் போட வேண்டும். துடுப்புப் போடும் வேலை வேண்டாம் என்றுதானே இந்த மோட்டாரையே கண்டுபிடித்தார்கள்?