கிக் விழும்போது மட்டும்

மேடைக்குப் பின்னால் எல்இடி திரையில் வண்ணங்கள் துள்ளுகின்றன. பாடகர் குரலை உயர்த்தினாலும் துள்ளுகின்றன, கூட்டம் கைதட்டினாலும் துள்ளுகின்றன. கிக் டிரம்முக்கு மட்டும் வட்டம் விரியட்டும், ஸ்னேருக்கு மட்டும் கோடு வெட்டட்டும் என்று கேட்டால், அதற்கு மென்பொருளில் ஒரு பட்டன் இருக்கும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது அவ்வளவு எளிதல்ல.

நம் காது பாட்டுக்குள் டிரம்ஸைப் பிரித்துக் கேட்கிறது. கணினிக்குப் போவதோ எல்லாம் கலந்த ஒரே அலை. அதில் எளிதாகக் கணக்கிட முடிவது, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதைத்தான். கிக்கின் அடிநாதம் பெரும்பாலும் 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் வரும். ஸ்னேரின் உடல் 200 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும்; அதன் அடியில் இழுத்துக் கட்டிய கம்பிகளின் சரசரப்பு பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை போகும். ஹை-ஹாட்டின் சக்தி பெரும்பாலும் உச்சியில். எனவே கீழ்ப்பகுதி கிக், நடுப்பகுதி ஸ்னேர், மேல்பகுதி ஹை-ஹாட் என்று கூறுபோட்டுவிடுவதே வழக்கம்.

சிக்கல் இங்கேதான். நாலு கம்பி பேஸ் கிதாரின் தடித்த கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதன் ஸ்வரங்கள் கிக்கின் இடத்திலேயே வந்து உட்காரும். பாடகரின் குரல் ஸ்னேரின் வீட்டுக்குள் நுழையும். அவர் 'ஸ' என்று இழுத்தாலே ஹை-ஹாட் விழுந்ததாகத் திரை நம்பிவிடும்.

ஆகவே சத்தம் எவ்வளவு என்று பார்க்காமல், எவ்வளவு திடீரென்று ஏறியது என்று பார்க்க வேண்டும். கிக் சில மில்லிசெகண்டில் உச்சிக்குப் போய்ச் சரியும். பேஸ் ஸ்வரம் நின்று ஒலிக்கும். முந்தைய கணத்தைவிட இந்தக் கணம் எவ்வளவு கூடியது என்பதற்கு ஒரு வரம்பு வையுங்கள். வரம்பைத் தாண்டியதும், ஒரே அடியை இரண்டாக எண்ணிவிடாமல் இருக்க 100 மில்லிசெகண்ட் கதவை மூடுங்கள். நிமிடத்துக்கு 120 தாளத்தில், ஒரு தட்டை நாலாகப் பிரித்து வாசித்தால் அடிகளுக்கிடையே 125 மில்லிசெகண்ட்தான். அதனால் கதவை அதற்கு மேல் மூடி வைத்தால் நிஜ அடிகளும் வெளியே நின்றுவிடும். இரட்டைப் பெடல் போட்டு வாசிக்கும் மெட்டல் குழுக்களுக்கு 100 என்பதே அதிகம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நொடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட ஒலியில் 1,024 மாதிரிகளை எடுத்து அலசினால் ஒவ்வொரு கூறும் 43 ஹெர்ட்ஸ் அகலம். கிக்குக்கும் பேஸுக்கும் வித்தியாசம் தெரியாது. 4,096 எடுத்தால் 11 ஹெர்ட்ஸாக நுணுகும், ஆனால் 93 மில்லிசெகண்ட் நீளத் துண்டு அது. அடி அதற்குள் எங்கே விழுந்தது என்பது மங்கிவிடும். நுணுக்கமும் வேகமும் ஒருசேரக் கிடைக்காது. கிக்கை மட்டும் பிடிக்க தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடும் ஒரு சாதாரண லோ-பாஸ் ஃபில்டரே பல நேரம் போதும்.

இவ்வளவு மல்லுக்கட்டும் டி.ஜே.யின் ஸ்டீரியோ மிக்ஸ் மட்டுமே கையில் இருந்தால்தான். மேடையில் ஆள் உட்கார்ந்து டிரம்ஸ் வாசிக்கும்போது, கலந்த பாட்டைக் குடைவது வீண் வேலை என்பேன். கிக்குக்கு ஏற்கெனவே தனி மைக் உண்டு, மிக்ஸரில் தனி சேனல் உண்டு. சவுண்ட் இன்ஜினியரிடம் நயமாகக் கேட்டு அந்த ஒரு சேனலை வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து ஸ்னேர் அதில் கசிந்தால், சன்னமான சத்தத்தை அடைத்துவிடும் ஒரு கேட் போட்டால் தீரும். அதைவிடச் சுத்தமானது டிரம்மின் விளிம்பில் மாட்டும் ட்ரிக்கர். அது காற்றைக் கேட்பதில்லை, அதிர்வைத் தொட்டுணர்கிறது. அடியை மிடி எண்ணாகவே மாற்றிக்கொண்டால் குழப்பமே இல்லை: ஜெனரல் மிடியில் கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹாட் 42.

மிருதங்கத்துக்கோ இந்தத் தொடு உணர்வே சிறந்த வழி. அதன் மேல்சுரங்கள் இசைவான விகிதத்தில் அமைகின்றன என்று சி.வி. ராமன் 1920-லேயே எழுதினார். அதன் வலப்பக்கத் தோலான வலந்தலையைச் சுருதிக்குச் சேர்த்திருப்பதால் தம்புராவும் அதே அதிர்வெண்களில் நிற்கும். ஃபில்டரால் பிரிக்க முயல்வது வீண் பாடுதான்.

தாமதத்துக்கு அதிகம் அஞ்ச வேண்டாம். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் திரையில் ஒரு ஃப்ரேம் 17 மில்லிசெகண்ட். ஸ்பீக்கரிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருப்பவருக்குச் சத்தமே 58 மில்லிசெகண்ட் கழித்துத்தான் போய்ச் சேரும். சத்தம் படத்துக்குப் பின்னால் வந்தால் மூளை பொறுத்துக்கொள்ளும். முந்தினால்தான் சட்டெனக் கண்டுகொள்ளும்.

கவனிக்க வேண்டியது படம் எப்படி அணைகிறது என்பதை. ஒரே ஃப்ரேமில் ஏறி, கால் நொடியில் மெல்ல இறங்கினால் அடி அடியாகத் தெரியும். ஏறிய வேகத்திலேயே இறங்கினால் வெறும் மினுக்கல். ஹை-ஹாட்டுக்கு முழுத்திரை வெள்ளை வெளிச்சம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மேலே சொன்ன 120 தாளத்தில், தட்டை நாலாகப் பிரித்து வாசித்தால் அது நொடிக்கு 8 முறை மின்னும். ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களை எண்ணி, இணையப் பக்கங்களுக்கே நொடிக்கு 3 மின்னல்களுக்கு மேல் கூடாது என்று வழிகாட்டு நெறி இருக்கிறது. ஹை-ஹாட்டுக்கு ஓரத்தில் நாலு புள்ளிகள் போதும்.