படித்த புத்தகம் முடிந்த புத்தகமா?

பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டு, பெரிய வீட்டை விட்டுச் சிறிய அடுக்ககம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தோம். பொருள்களைத் தரம் பிரிக்கும் பொறுப்பை என் மகள் ஏற்றுக்கொண்டாள். புத்தக அலமாரியின் முன் நின்று அவள் கேட்டது நியாயமான கேள்விதான்: "அப்பா, இவற்றையெல்லாம் படித்து முடித்துவிட்டீர்கள் அல்லவா? பிறகு ஏன் இடத்தை அடைத்துக்கொண்டிருக்க வேண்டும்?" எனக்கு அன்று விடை தோன்றவில்லை. நான்கு மூட்டைகள் பழைய புத்தகக் கடைக்குச் சென்றன. அவற்றில் இருந்த நூல்களில் மூன்றை அடுத்த ஓராண்டுக்குள் மீண்டும் விலை கொடுத்து வாங்கினேன். மகளுக்கு அன்று சொல்ல இயலாத விடையை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அவள் பக்கத்து நியாயத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 20 பக்கம் படிப்பவர் 300 பக்க நூலை 15 நாள்களில் முடிப்பார். ஆண்டுக்கு ஏறத்தாழ 24 நூல்கள். அறுபது வயதில் இருப்பவருக்கு இன்னும் 20 ஆண்டுகள் கண்ணும் மனமும் ஒத்துழைத்தால் 480 நூல்கள். கிளை நூலகம் ஒன்றின் சில அலமாரிகளுக்குள் அவை அடங்கிவிடும். ஆகவே, ஒரு நூலுக்கு நாம் மீண்டும் திரும்பும்போதெல்லாம் இதுவரை படிக்காத ஒரு நூலை இழக்கிறோம். மறுவாசிப்பின் விலை இது. இதை மறைத்துவிட்டு அதன் பெருமையைப் பேசுவது நேர்மையாகாது.

அவ்வளவு விலை கொடுக்கத் தகுந்தது எது? கதையின் முடிவை அறியும் ஆவல் அன்று என்பது தெளிவு. அது முதல் வாசிப்போடு தீர்ந்துவிடுகிறது. ஆனால் நம் நாட்டில் கதைகளை மக்கள் என்றைக்கும் முடிவுக்காக மட்டும் நாடியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திடலில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்ப்பவருள் போரில் வெல்பவர் யார் என்பதை அறியாதவர் எவருமில்லை. காசிக்கு எதிர்க்கரையில் உள்ள இராமநகரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு மாதம் இராமலீலை நடக்கிறது. அங்கே துளசிதாசரின் நூலைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் பின்தொடரும் பார்வையாளர்கள் உண்டு. கேரளத்தில் கர்க்கடக மாதம் பிறந்தால் வீடுதோறும் எழுத்தச்சனின் இராமாயணம் மீண்டும் திறக்கப்படுகிறது. "இந்தக் கீர்த்தனையைச் சென்ற ஆண்டே கேட்டுவிட்டேன்" என்று சொல்லிக் கச்சேரியிலிருந்து எழுந்து செல்வாரும் இல்லை. அச்சுப் புத்தகத்தை மட்டும் ஒருமுறை படித்தால் தீர்ந்துபோகும் பொருளாக நாம் ஏன் எண்ணத் தொடங்கினோம் என்பதே வியப்புக்குரியது.

என் அனுபவம் ஒன்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்தது. வார இதழ்ப் பக்கங்களைச் சேர்த்துத் தைத்து, மணியத்தின் ஓவியங்களோடு பைண்டு செய்த கனத்த தொகுதிகள் எங்கள் வீட்டில் இருந்தன. பதினான்கு வயதில் அவற்றை நான் படித்தேன் என்பதைவிட, வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால் ஓடினேன் என்பதே பொருந்தும். அரசவை ஆலோசனைகள் வந்த பக்கங்களைப் புரட்டித் தள்ளினேன். பெரிய பழுவேட்டரையர் எனக்கு ஒரு பொல்லாத கிழவர், அவ்வளவுதான்.

நாற்பத்தைந்தாம் வயதில், வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய பின், அதே நாவலைத் திரும்ப எடுத்தேன். முன்பு புரட்டித் தள்ளிய பக்கங்களே இம்முறை என்னை நிறுத்திவைத்தன. ஈழத்தில் போரிடும் படைக்கு உணவை யார் அனுப்புவது? அந்நாட்டு மக்களிடமிருந்து பறிக்கலாகாது, சோழ நாட்டிலிருந்தே வர வேண்டும் என்பது இளவரசர் அருள்மொழிவர்மரின் நிலை. வென்ற நாட்டிலேயே படை தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பது நாட்டின் பொக்கிஷத்தைக் காக்கும் பழுவேட்டரையரின் வாதம். இளவரசரின் பக்கமே அறம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், பிறர் பணத்துக்குக் காவலாக மேசையின் மறுபுறம் அமர்ந்து "இயலாது" என்று சொல்ல நேர்ந்த ஒருவனுக்கு அந்தக் கிழவரை வெறும் பொல்லாதவர் என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

அறுபதைக் கடந்தபின் மூன்றாம் முறை. கடைக்குச் சென்று திரும்ப வாங்கிய நூல்களில் இதுவும் ஒன்று. தாம் ஏமாற்றப்பட்டதை உணர்ந்த அந்த முதியவர், காயமுற்ற உடலோடு கடம்பூருக்கு விரையும் பகுதிக்கு வந்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். வாழ்நாள் முழுதும் தன் மதிப்பீட்டை நம்பிய ஒருவர், அது தவறென்று முதுமையில் அறிவது எத்தகையது என்பதைப் பதினான்கு வயதுச் சிறுவன் எப்படி அறிந்திருக்க முடியும்? நாவலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியவன் நான். எவ்வளவு மாறியிருக்கிறேன் என்பதை எனக்குக் காட்டியது அந்தப் பழைய நூல். புதிய நூல் எதுவும் இந்த ஒரு வேலையைச் செய்ய இயலாது. ஏனெனில் என் பழைய வயதுகள் அதில் இல்லை.

இது என்னைப் போன்ற எளியவர்களின் அனுபவம் மட்டுமன்று. காந்தியடிகள் பகவத் கீதையை முதலில் அறிந்தது இலண்டனில் சட்டம் பயின்றபோது, எட்வின் ஆர்னால்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக. பின்னர் தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்த நாள்களில் சுலோகங்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தார். காலையில் பல் துலக்கும் 15 நிமிடமும் குளிக்கும் 20 நிமிடமும் அவற்றை மனப்பாடம் செய்யும் நேரமாயின. இவ்வாறு 13 அத்தியாயங்களை மனனம் செய்ததாகத் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். அப்போதுதான் தாம் பயின்ற ஆங்கிலச் சட்டநூல் கற்பித்த 'அறங்காவலர்' என்ற சொல்லின் பொருள் கீதையின் ஒளியில் அவருக்குத் தெளிவாயிற்று. பெருஞ்செல்வம் கையில் இருந்தும் அதில் ஒரு துளியையும் தனதென்று கருதாதவரே அறங்காவலர். பிற்காலத்தில் அவர் வலியுறுத்திய தர்மகர்த்தாக் கொள்கைக்கு இதுவே வித்து. 1926-இல் சபர்மதி ஆசிரமத்தில் அந்நூலைப் பற்றி மாதக்கணக்கில் உரையாற்றினார். 1930-இல் அவருடைய குஜராத்தி மொழிபெயர்ப்பு வெளிவந்தது. நாற்பது ஆண்டுகள் ஒரே சிறு நூல்! சட்டம் படித்து, தொழில் நடத்தி, பொதுப்பணத்தைக் கையாண்டு திரும்பியதால்தான் இலண்டன் மாணவருக்குத் தென்படாத பொருள் ஜோகன்னஸ்பர்க் வழக்கறிஞருக்குத் தென்பட்டது.

திருவள்ளுவர் இதை எப்போதோ கண்டறிந்து சொல்லிவிட்டார். பண்புடையவர்களின் நட்பு பழகப் பழக இன்பம் தருவதற்கு அவர் காட்டும் உவமை, படிக்குந்தோறும் நயம் தரும் நூல். இந்த உவமை கல்வி பற்றிய அதிகாரத்தில் இல்லை. நட்பு அதிகாரத்தில் இருக்கிறது. ஒருமுறை சந்தித்துவிட்டோம் என்பதற்காக நண்பரை யாரும் விலக்கிவிடுவதில்லை.

எல்லா நூல்களும் இதற்குத் தகுதியானவையா என்றால், அல்ல. கல்லூரி நாள்களில் உயிரைப் போல் காத்த சில நாவல்களுக்குத் திரும்பிச் சென்று, பத்துப் பக்கங்களைத் தாண்ட முடியாமல் வெட்கத்தோடு வைத்ததுண்டு. அதுவும் ஒரு வகையில் ஆதாயமே. அலமாரியில் எதை விடலாம் என்பது தெரிந்துவிடுகிறது. வேறோர் ஆபத்தும் உண்டு. பழகிய நூல்களிலேயே தங்கிவிடுபவர், இன்றைய இளைஞர்கள் எழுதுவதைக் காதில் வாங்காத பெரியவராகிவிடுவார். நாளைய மறுவாசிப்புக்குரிய நூலும் இன்றைக்கு முதன்முறையாகப் படிக்கப்பட்டாக வேண்டும்.

எனவே நான் கடைப்பிடிக்கும் எளிய வழி இது: மூன்று புதிய நூல்களுக்கு ஒரு பழைய நூல். மேலே சொன்ன கணக்கின்படி ஆண்டுக்கு 18 புதியவை, 6 பழையவை. படித்து முடித்த நாளைக் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துவைக்கிறேன். மனத்தில் பட்டதை ஒரு வரியில் எழுதுகிறேன். அடுத்த முறை அந்த வரி எனக்கே அந்நியமாகத் தோன்றினால், அந்த நூல் அலமாரியில் தன் இடத்தை உறுதி செய்துகொண்டது என்று பொருள்.

கடைக்குச் சென்ற என் பழைய தொகுதிகள் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது என்னிடம் இருப்பது வேறு யாரோ படித்து விற்ற பதிப்பு. அதன் ஓரங்களில் எனக்குத் தெரியாத ஒருவர் கோடிட்டிருக்கிறார். அவர் கோடிட்ட இடங்கள் பெரும்பாலும் நான் பதினான்கு வயதில் விரும்பிய இடங்களே. சென்ற மாதம் என் மகள் அந்த முதல் பாகத்தை எடுத்துச் சென்றாள். அவளும் கல்லூரியில் படித்த நூல்தான். "ஏற்கெனவே படித்ததாயிற்றே?" என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.