நீளாத சங்கிலியும் முடியாத ஆயுளும்

கார்ப் பட்டறைகளில் புழங்கும் சொற்றொடர்களுள் இரண்டு, நம் பார்வையில், உரிமையாளருக்குப் பெருஞ்செலவு வைப்பவை. 'டைமிங் செயின் நீண்டுவிட்டது' என்பது ஒன்று. 'செயின் வைத்த எஞ்சின், ஆயுளுக்கும் கவலையில்லை' என்பது மற்றொன்று. முன்னதை மெக்கானிக் சொல்கிறார். பின்னதைக் கார் விற்பவர் சொல்கிறார். சொற்களைப் பற்றியே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் இலக்கிய வாசகர்கள் இவ்விரண்டையும் சற்று நின்று நோக்கலாம். நம்மில் பலர் ஓட்டுவது இரண்டு மூன்று கை மாறிய வண்டிகளைத்தானே.

எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது கேம் தண்டு ஒருமுறை சுழல வேண்டும். வால்வுகள் உரிய கணத்தில் திறந்து மூடுவது இந்தக் கணக்கால்தான். அதைக் காப்பாற்றும் பொறுப்பு, எஞ்சினின் முகப்பில் மூடிக்குள் எண்ணெயில் நனைந்தபடி ஓடும் சங்கிலிக்கு உரியது.

இச்சங்கிலி நீள்கிறது என்பது உண்மையன்று. எஃகுத் தகடுகள் ரப்பரைப்போல இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் முளையும் அதைச் சூழ்ந்த புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. நூறு கண்ணிகள், ஒவ்வொன்றிலும் 0.02 மில்லிமீட்டர் தேய்வு என்று கொண்டால், மொத்தத்தில் 2 மில்லிமீட்டர் தொய்வு வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத தேய்வுகளின் கூட்டுத்தொகைக்கு 'நீட்சி' என்று பெயரிட்டுவிட்டோம்.

இதைச் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. நீண்டது சங்கிலி மட்டும் என்று நம்பினால், புதுச் சங்கிலி ஒன்று போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். தேய்வு என்று புரிந்துகொண்டால், அந்தச் சங்கிலி எவற்றோடெல்லாம் உரசியது என்ற கேள்வி எழும். கண்ணியிடைவெளி மாறிய சங்கிலி பல்சக்கரத்தின் பற்களையும் கொக்கிபோல அரித்திருக்கும். அந்தப் பற்களின்மேல் ஏறும் புதுச் சங்கிலி முன்னதைவிட விரைவில் கெடும். ஆகவே சங்கிலி, பல்சக்கரங்கள், டென்ஷனர், வழிகாட்டிப் பட்டைகள் ஆகியவற்றை ஒருசேர மாற்றுவதே முறை. மலிவாக முடித்துத்தருகிறோம் என்று சங்கிலியை மட்டும் மாற்றும் பட்டறைக்கு வண்டியை விடாதீர்கள் என்பதே நம் கருத்து.

நோய் அறிவதில் நம் மெக்கானிக்குகளின் இரட்டைக்கிளவி வளம் வியக்கத்தக்கது. டேப்பட் 'டிக்டிக்' என்னும். அது கேம் தண்டின் தாளம், எஞ்சின் வேகத்தில் பாதி. கனெக்டிங் ராடின் பேரிங் போனால் பளு ஏறும்போது 'தடதட' என்னும். தேய்ந்த சங்கிலியோ தாளத்திற்குக் கட்டுப்படாது. முகப்பு மூடியின் உள்ளிருந்து 'சரசர'வென்று ஒழுங்கின்றி ஒலிக்கும். ஆக்ஸிலரேட்டரை விடும் நேரத்தில் கூடும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனர் உள்ள எஞ்சினில், காலையில் முதன்முதல் கிளப்பும்போது ஓரிரு நொடி சலசலத்துவிட்டு அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று ஆறுதல் கொள்வோர்தான் பின்னர் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

எனினும் காது மட்டும் போதாது. அளவும் வேண்டும். அம்பாசடர் இதற்கு நல்ல ஆசான். 1959 முதல் அதில் வந்த பி.எம்.சி. வகை 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம் தண்டு. எனவே சங்கிலியின் தொய்வு ரோட்டரில் தெரிந்துவிடும். இக்னிஷனை அணைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறவுங்கள். கிராங்க் புல்லியை ஸ்பானரால் ஒரு பக்கம் திருப்பி, ரோட்டர் அசைந்ததும் நிறுத்திக் குறியிடுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். ரோட்டர் மறுபடி அசையத் தொடங்கும்வரை புல்லி எத்தனை பாகை வெறுமனே சுழல்கிறதோ அதுவே தொய்வு. டிஸ்ட்ரிபியூட்டர் பற்களின் இடைவெளியும் இதில் சிறிது கலந்திருக்கும். பத்துப் பாகையை எட்டினால் முகப்பு மூடியைக் கழற்றியே பார்க்க வேண்டும் என்போம். இத்தகைய வண்டியில் வால்வும் தாமதிக்கும், தீப்பொறியும் தாமதிக்கும், மலையேற்றத்தில் திணறும். இதற்குக் கார்புரேட்டரைக் குடைந்துகொண்டிருப்பது வீண்.

அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. இன்று 'பழைய கார்' என்றால் பெரும்பாலோர் மனத்தில் வருவது ஸ்விஃப்ட் டீசல் போன்றவை. மாருதி 800 பழக்கிவிட்ட பெல்ட், குறித்த தூரத்தில் மாற்றப்பட வேண்டியது. அந்த அச்சத்திலிருந்து விடுதலை என்ற பேச்சோடுதான் பின்வந்த எஞ்சின்களில் செயின் திரும்பி வந்தது. 2007இல் ஸ்விஃப்டில் அறிமுகமான ஃபியட்டின் 1248 சி.சி. மல்ட்டிஜெட்டிலும் செயின்தான். ஆயுளுக்கும் என்கிறார்களே, யாருடைய ஆயுள்? எண்ணெயை நேரத்தில் மாற்றிய ஒருவருடைய எஞ்சினின் ஆயுளா, தவணையைத் தள்ளிப்போட்ட முந்தைய உரிமையாளருடையதா? டீசல் எஞ்சினின் எண்ணெயில் கரி சேர்கிறது. நாள்பட்ட எண்ணெயில் அது உப்புத்தாள்போல முளைகளைத் தேய்க்கிறது. மூன்றாவதாக வாங்கியவர் தலையில் அந்தத் தேய்வு முழுவதும் விடிகிறது. சங்கிலி ஒரு பல் தாண்டினால், கிராங்கில் 20 பற்கள் இருக்குமாயின், 18 பாகை பிசகும். மேலும் தாண்டினால் இத்தகைய எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதன்பின் பேச்சு எஞ்சினை மாற்றுவதைப் பற்றியதாகிவிடும்.

இவ்வண்டிகளில் ஸ்கேனர் பி0016 என்று காட்டினால், கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அது ஐயம் மட்டுமே, தீர்ப்பன்று. சென்சார் பழுதாலும் அக்குறி வரக்கூடும். ஆனால் குறியை அழித்துவிட்டு வண்டியைத் திருப்பித் தரும் பழக்கம் மன்னிக்கத் தக்கதன்று.

மாற்றும் வேலையில் கவனிக்க வேண்டியவை சில. பழையதைக் கழற்றுமுன்னரே குறிகளைச் சேர்த்து நிறுத்திக்கொள்ள வேண்டும். அம்பாசடரில் இரு பல்சக்கரங்களின் குறிகளும் ஒன்றையொன்று நோக்கி நிற்க வேண்டும். இரண்டும் ஒரே தளத்தில் அமைய, கிராங்க் சக்கரத்தின் பின்னுள்ள மெல்லிய வாஷர்களைத் தொலைக்காமல் திரும்பப் போட வேண்டும். முகப்பு ஆயில் சீலை அப்போதே புதிதாக்குவது சிக்கனம். மல்ட்டிஜெட் போன்றவற்றில் தண்டுகளைப் பூட்டும் ஊசிகள் இல்லாத பட்டறை அந்த வேலையைத் தொடவே கூடாது. எதுவாயினும், முடித்தபின் ஸ்டார்ட்டரைத் தொடாமல், கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, தடையின்றிச் சுழல்கிறதா, குறிகள் மீண்டும் சேர்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கழற்றிய சங்கிலியைக் கேட்டு வாங்குங்கள். அதன் ஒரு முனையைப் பற்றிப் பக்கவாட்டில் கிடையாக நீட்டிப்பிடித்து, புதியதையும் அவ்வாறே பிடித்துப் பாருங்கள். புதியது ஓரளவு விறைத்து நிற்கும். தேய்ந்தது வில்லாய் வளைந்து தொங்கும்.