டெபாசிட் போனால் என்ன சார்?

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் பற்று எது, வரவு எது என்று கை துறுதுறுக்கும். தேர்தல் ரிசல்ட் வந்தால் ஊரே ஜெயித்தவரைப் பார்க்கும். நான் டெபாசிட்டைப் பறிகொடுத்த சுயேச்சைகளைப் பார்ப்பேன். தோற்போம் என்று தெரிந்தே எதற்கய்யா பணம் கட்டுகிறார்கள்?

விடை ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சியில் இருக்கிறது. 1996 சட்டசபைத் தேர்தல். எங்கள் குறையை யாருமே கேட்கவில்லை என்று கொதித்த விவசாயிகள், கும்பல் கும்பலாகப் போய் வேட்புமனு போட்டுவிட்டார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள்! வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். 88 பேருக்கு ஓர் ஓட்டுகூட இல்லை. சம்சாரத்தின் ஓட்டை விடுங்கள், தன் ஓட்டே தனக்கு விழவில்லை. ஜெயிப்பதற்கா நின்றார்கள்? அது 250 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிய புகார் மனு சார்!

பதில் என்ன வந்தது? அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். குறையைக் கேளுங்கள் என்றால், கவுன்ட்டர் கட்டணத்தை இருபது மடங்கு ஏற்றிவிட்டார்கள்!

அப்படியும் அடங்கவில்லை. 2019 பார்லிமென்ட் தேர்தல், தெலங்கானாவின் நிஜாமாபாத். ஈரோடு மாதிரியே அதுவும் மஞ்சள் பூமி. விலை வேண்டும், வாரியம் வேண்டும் என்று 170க்கும் மேற்பட்ட விவசாயிகள் களத்தில் குதித்தார்கள். இப்போது டெபாசிட் 25,000. மொத்தம் 185 வேட்பாளர்கள். பூத்துக்குப் பூத் 12 ஓட்டு மெஷின்கள்! அப்போதைய முதல்வரின் மகள், சிட்டிங் எம்.பி. கவிதா தோற்றுப்போனார். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் அதே நிஜாமாபாத்தில் திறக்கப்பட்டது. எல்லாம் இவர்களால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால், வரவுப் பக்கத்தில் ஒரு வரி எழுதலாம்.

போராட்டம் கட்சியாக மாறினால் கணக்கே வேறு. 2011 ஊழல் எதிர்ப்புப் போராட்டத்திலிருந்து வந்தது ஆம் ஆத்மி. 2012ல் கட்சி, 2015ல் டெல்லியின் 70 இடங்களில் 67, 2025ல் வெறும் 22. கெஜ்ரிவால் 2014 ஜனவரியில் முதல்வராக இருந்துகொண்டே தெருவில் தர்ணா உட்கார்ந்தார். பழக்க தோஷம்! ஆனால் நாற்காலிக்கு வந்துவிட்டால், மனு கொடுத்த கை மனு வாங்கும் கையாகிவிடுகிறது. அடுத்தவன் வந்து நம் வாசலில் உட்காருவான்.

சுயேச்சைக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

அடுத்த தேர்தலில் பேப்பரில் பொடி எழுத்தில் சுயேச்சைகள் பட்டியல் வந்தால், சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். ஒரே ஊர்க்காரர்கள் நாலு பேருக்கு மேல் இருந்தால், அந்த ஊரில் என்ன தகராறு என்று விசாரியுங்கள். பணம் கட்டியிருக்கிறார்கள் சார்!