தேன் எடுத்தாச்சு, தூக்கம் போச்சு! இங்கிலாந்து தேனீ வளர்ப்பாளர்களின் செப்டம்பர் கவலை

ஆகஸ்ட் முடியும்போது இங்கிலாந்தில் தேனீ வளர்ப்பவர்கள் தேனை எடுத்து, வடிகட்டி, பாட்டிலில் அடைத்து முடித்திருப்பார்கள். அப்பாடா என்று உட்கார வேண்டிய நேரம்தானே? ஆனால், அவர்களுக்குத் தூக்கம் கெடுவதே அதற்குப் பிறகுதான்.

செப்டம்பரில் இலையுதிர் காலம் வந்துவிடும். அடுத்து மாதக்கணக்கில் குளிர். பூ கிடைக்காது, தேனீ பறக்கவும் முடியாது. கோடையில் 50 ஆயிரம் வரை இருந்த கூட்டம் 10 ஆயிரம் அளவுக்குச் சுருங்கும். அந்த 10 ஆயிரமும் மார்ச் மாதத்தைப் பார்க்குமா என்பது பெரும்பாலும் இந்த இரண்டு மாதங்களில் முடிவாகிவிடும்.

முதலில் வெளியேற்றப்படுவது ஆண் தேனீக்கள். ராணியோடு இணைசேர்வதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை இல்லை. குளிர்காலத்தில் சும்மா உட்கார வைத்துச் சோறு போட முடியுமா? வேலைக்காரத் தேனீக்கள் இறக்கையைக் கடித்து இழுத்து வந்து வாசலில் தள்ளிவிடும், மறுபடி உள்ளே விடாது. புதிதாகத் தேனீ வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துப் பதறிப்போவார்கள். அனுபவசாலிகளுக்கோ இது நிம்மதி. அக்டோபரிலும் ஆண் தேனீக்கள் தங்கியிருக்கிற பெட்டியில் ராணி இல்லையோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

கோடையில் பிறக்கும் வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஆறு வாரம்தான். இலையுதிர் காலத்தில் பிறப்பது உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு ஆறு மாதம் வரை தாக்குப்பிடிக்கும். குளிரைத் தாண்டிக் கூட்டத்தைக் கொண்டுபோவது இவைதான். வரோவா என்ற உண்ணி, கூட்டுப்புழுப் பருவத்திலேயே இவற்றில் ஒட்டிக்கொண்டு ஆயுளைக் குறைத்துவிடும். 1992-ல் இங்கிலாந்துக்குள் வந்த அந்த உண்ணி இன்றுவரை போகவில்லை. இதற்குப் போடும் மருந்துகளில் ஒன்று தைமால். நம் ஓமத்துக்கு வாசனை தருவதும் அதே பொருள்தான்! ஆனால், வெயிலின் சூடு இருந்தால்தான் அது வேலை செய்யும். தேன் பெட்டியில் இருக்கும்போது போட்டால் தேனிலும் அந்த வாசனை ஏறிவிடும். இன்னும் நாலு பாட்டில் கிடைக்குமே என்று தேனெடுப்பைத் தள்ளிப்போட்டால், மருந்து போடும் நாள் கைநழுவிப் போகும்.

அடுத்தது சாப்பாடு. ஒரு பெட்டிக்குக் கிட்டத்தட்ட 20 கிலோ தேன் இருப்பு வேண்டும். பெட்டியின் ஒரு பக்கத்தைக் கையால் லேசாகத் தூக்கிப் பார்த்தே எடையைக் கணித்துவிடுவார்கள். குறைந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிலோ சர்க்கரை என்ற கணக்கில் பாகு வைக்க வேண்டும். குளவி திருட வரும் என்பதால் வாசலைச் சின்னதாக்கி, எலிக்குத் தடுப்பு, மரங்கொத்திக்குக் கம்பி வலை என்று அது ஒரு தனி வேலை.

மனசுக்குக் கஷ்டமானது எது தெரியுமா? பலவீனமான கூட்டத்தை இன்னொன்றோடு சேர்ப்பதுதான். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு நியூஸ்பேப்பர் தாளை வைப்பார்கள். அதைத் தேனீக்கள் கடித்துத் துளைப்பதற்குள் இரண்டு கூட்டத்தின் வாசனையும் கலந்துவிடும், சண்டை வராது. ஆனால், ஒரு பெட்டிக்கு ஒரு ராணிதான். எனவே, இரண்டில் ஒன்றை வளர்த்தவரே கொல்ல வேண்டும்.

நம் மார்த்தாண்டத்தில் கதை தலைகீழ். அங்கே ரப்பர் மரம் இலை உதிர்த்தால் கொண்டாட்டம்தான். வருஷத் தொடக்கத்தில் புதுத் துளிர் வரும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீர்தான் அங்கே பெரிய தேன் வரவு. சர்க்கரைப் பாகு வைத்துக் கூட்டத்தைக் காப்பாற்றுகிற கவலை அவர்களுக்கு மழை மாதங்களில்.

நவம்பருக்கு மேல் இங்கிலாந்தில் பெட்டியைத் திறந்தால் உள்ளிருக்கும் சூடு போய்விடும். அதனால் பெட்டியில் காதை வைத்து, உள்ளே ரீங்காரம் கேட்கிறதா என்று பார்ப்பதோடு சரி. ஜனவரியில் ஒருநாள் கொஞ்சம் வெயில் அடித்தால் போதும், அத்தனை நாள் அடக்கிவைத்த கழிவை வெளியேற்றத் தேனீக்கள் பறந்து வரும். தரையில் விழும் மஞ்சள் புள்ளிகளைப் பார்த்ததும் வளர்த்தவருக்குப் போன உயிர் திரும்பி வரும். வெளியே துணி காயப்போட்ட பக்கத்து வீட்டுக்காரர்தான் திட்டுவார்.